படிக்காமல் சொன்ன பதில்

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். சொல்லிக்கொள்ளும்படியான காரியம் இல்லை.

தூரத்து உறவில் ஒரு பெண். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு பழுப்புக் கவரை நீட்டினாள். ‘சித்தப்பா, ஏழு கதை எழுதியிருக்கேன். வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் இதையே பண்ணலாமான்னு...’

அவள் முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். பி.எஃப்., இன்க்ரிமென்ட், கல்யாணம், எழுதிச் சோறு தின்ன முடியாது என்கிற சமாசாரம், நானும் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்து பட்ட பாடு. இருபது நிமிஷம். காபி ஆறிவிட்டது. ‘சரி சித்தப்பா’ என்று போய்விட்டாள். கவர் என் மேஜையிலேயே கிடந்தது. பிரிக்கவில்லை.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது, எலிசபெத் காஸ்கல் 1857-ல் எழுதிய சார்லட் பிராண்ட்டியின் வாழ்க்கை வரலாறு. ‘ஜேன் அயர்’ எழுதிய அதே சார்லட். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. காரணம், அதில் ஒரு கடிதம்.

சார்லட்டுக்கு அப்போது 20 வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். 1836 டிசம்பரில் தன் கவிதைகளை ராபர்ட் சவுதேக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டாள். சவுதே அன்றைக்கு இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உனக்குக் கவிதை வருகிறது, ஆனால் அது இப்போது பலருக்கும் வருகிறது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. இதுதான் சாரம். என் இருபது நிமிஷமும் அதற்குள் இருந்தது, பி.எஃப். ஒன்றைத் தவிர.

இந்தக் கடிதத்துக்காகச் சவுதேயைத் திட்டாத ஆள் கிடையாது. (பாவம், அதே 1837-ல் அவர் அச்சிட்ட மூன்று கரடிகள் கதையைத்தான் இன்றைக்குக் குழந்தைகள் கேட்கின்றன. அதையும் அவர் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.) ஆனால் முழுக் கடிதத்தையும் படித்தால், திட்ட வந்த வாய் கொஞ்சம் தயங்குகிறது. பகல் கனவிலேயே மூழ்கினால் அன்றாட வாழ்க்கை கசந்துபோகும் என்கிறார். சார்லட் அப்போது அங்க்ரியா என்ற கற்பனை ராஜ்ஜியத்தில்தான் பாதி நாள் குடியிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. குறி சரியாக விழுந்தது. புகழுக்காக எழுதாதே, எழுத்துக்காக எழுது என்றும் சொல்கிறார். இதில் என்ன தப்பு?

சார்லட் பணிவாகப் பதில் எழுதினாள். பணிவா, குத்தலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தன் 21-வது பிறந்த நாளன்று அந்தக் கடிதத்தின் உறையில், இதை என்றைக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று குறித்துவைத்தாள். அப்புறம் எழுதிக்கொண்டே இருந்தாள்! கடிதத்தை வைத்துக்கொண்டாள், எழுதாதே என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

காஸ்கலோடு எனக்குத் தகராறு இங்கேதான். அவருக்குச் சார்லட் ஒரு பொறுமையின் சிகரமாக இருந்தாக வேண்டும். கடமை தவறாத மகள், துக்கத்தை விழுங்கியவள். பிரஸ்ஸல்ஸ் வாத்தியாருக்கு அவள் எழுதிய ஏக்கக் கடிதங்கள் தெரிந்தும் மறைத்துவிட்டார். அவை 1913-ல்தான் பத்திரிகையில் வந்தன. அதனால் புத்தகம் முழுக்க சார்லட் யார் சொன்னாலும் தலையாட்டுவதுபோல ஒரு தோற்றம். ஆனால் காஸ்கலே தரும் கடிதங்களைப் பாருங்கள். அவள் பேரம் பேசுகிறாள்.

அவள் எழுதிய முதல் நாவல் ‘தி புரொபசர்’. பதிப்பகம் பதிப்பகமாகப் போய்த் திரும்பியது. பழைய முகவரிகளை அடித்துவிட்டு, அதே தாளில் சுற்றி ஸ்மித், எல்டர் கம்பெனிக்கு அனுப்பினாள். அவர்களும் மறுத்தார்கள். ஆனால் எப்படி மறுத்தார்கள்? நிறை குறைகளை விவரமாக எழுதி, மூன்று பாகத்தில் ஒரு நாவல் தந்தால் கவனமாகப் பார்ப்போம் என்றார்கள். கையில் ‘ஜேன் அயர்’ ஏறக்குறைய முடிந்திருந்தது. 1847 ஆகஸ்டில் அனுப்பினாள். அக்டோபரில் புத்தகம் கடையில். எந்த மன்றாட்டமும் இல்லாமல் அவள் அப்படியே ஏற்றுக்கொண்ட யோசனை இது ஒன்றுதான். சொன்னவர்கள் அவள் எழுதியதைப் படித்துவிட்டு, அதைப் பற்றி மட்டும் பேசியவர்கள். சவுதேயும் படித்தார்தான். ஆனால் கவிதையிலிருந்து பொம்பளைகள் என்ற ஜாதிக்குத் தாவிவிட்டார். வவுச்சரைப் புரட்டிவிட்டு, கம்பெனியின் ராசியைப் பற்றி ரிப்போர்ட் எழுதும் ஆடிட்டர் மாதிரி.

அப்புறம் விமர்சகர் ஜி.ஹெச். லூயிஸ். ‘ஜேன் அயர்’ அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் மெலோடிராமா வேண்டாம், ஜேன் ஆஸ்டின் மாதிரி அடக்கி வாசி என்றார். அப்படி அடக்கி எழுதிய நாவலைத்தான் ஒருத்தரும் போடவில்லை என்று சார்லட் பதில் எழுதினாள். ஆஸ்டினை வாங்கியும் படித்தாள், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். (இதில் நான் ஆஸ்டின் கட்சி. அது வேறு விஷயம்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது அப்பா விவகாரம். ‘வில்லெட்’ நாவலை (1853) எழுதும்போது, முடிவு சோகமாக இருக்கக் கூடாது, அவர்களைச் சேர்த்துவை என்று அப்பா கேட்டார். பெற்ற பிள்ளைகளில் ஐந்து பேரைப் பறிகொடுத்த மனிதர். மிச்சம் இருந்தவள் சார்லட் ஒருத்திதான். எப்படி முடியாது என்பது? ஆனால் அவள் மனதில் கதாநாயகன் கடலில் போய்விட்டான். அதை மாற்றவில்லை. புயலைக் கொண்டுவந்து, சாவைச் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். வேண்டுகிறவர்கள் கல்யாணம் நடந்ததாக நினைத்துக்கொள்ளலாம். அப்பா கேட்காமல் இருந்திருந்தால் நேரடியாக ஒரு சாவு வந்திருக்கும், நாமும் உச்சுக்கொட்டிவிட்டு மூடியிருப்போம். இப்போது அந்தக் கடைசிப் பக்கம் தூங்கவிடுவதில்லை.

நேற்று ராத்திரி பழுப்புக் கவரைப் பிரித்தேன். நாலு கதைகள் சுமார். ஒன்று எங்கேயோ படித்த மாதிரி. ஆனால் மூன்றாவதில் மார்ச் 31 ராத்திரி ஓர் ஆடிட்டர் ஆபீஸ் வருகிறது. டேலி ஆகாத நானூறு ரூபாயைத் தேடும் கிழட்டு குமாஸ்தா ஒருவர் வருகிறார். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன், இரண்டாம் பக்கத்துக்கு மேல் குறிக்க மறந்துவிட்டது.

வேலையை விடலாமா என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி போன் செய்தேன். ‘எதுக்கு சித்தப்பா?’ என்றாள் சந்தேகமாக.

அந்தக் குமாஸ்தாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.