கியர் பெட்டிக் கையும் எச்.எஸ்.டி.யும்

பாடாலூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் டிராக்டரின் கியர் பெட்டி பிரித்துக் கிடப்பது புதிய காட்சியல்ல. தேய்ந்த பல்லைத் தடவிப் பார்த்து, பழைய சாமான் கடையில் கிடைத்த சக்கரத்தை மாட்டி, மறுநாள் உழவுக்கு அனுப்பிவிடுவார்கள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் கரிசலைக் கிளறும் இந்த ஆலத்தூர் வட்டாரத்தில் வயதான டிராக்டர்கள் இன்னும் ஓடுவது அந்தக் கைகளால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதே கை, நெல்லறுக்க வரும் பெல்ட் வண்டியின் எச்.எஸ்.டி.யை, அதாவது ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனைத் தொடும்போது நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

குபோட்டா டிசி-68 போன்ற அறுவடை வண்டிகளில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது கியர் பல் அல்ல, ஆயில். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுற்றும். லீவரைத் தள்ளினால் பம்புக்குள் ஒரு தட்டு சாயும். சாய்வு கூடினால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பின்னால் போகும். ஈர வயலில் வரப்பு மூலைக்கு மூலை கிளட்ச் மிதித்துத் திரும்பியவருக்கு இதன் அருமை தெரியும். இதற்கு விலையும் உண்டு: கியரைவிட இதில் சக்தி அதிகம் விரயமாகிறது, விரயமானதெல்லாம் சூடாகிறது. உள்ளே பிஸ்டனுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியோ தலைமுடித் தடிமனில் ஒரு சிறு பங்கு. கியர் பெட்டி பொறுத்துக்கொள்ளும் மண்ணும் இரும்புத் தூளும் இங்கே அரம்போல வேலை செய்யும்.

காலையில் வரப்பேறும் வண்டி மதியம் ஏற மறுக்கிறது என்றால், பெரும்பாலும் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த இடைவெளி வழியே நழுவுகிறது. பட்டறை இதற்குச் சொல்லும் முதல் வைத்தியம், கையிலிருக்கும் ஆயிலை ஊற்றுவது. என்ஜின் ஆயிலே ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியல்ல. வெளிநாட்டுப் புல்வெட்டு டிராக்டர்களின் சில எச்.எஸ்.டி.களுக்கு 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். கையேடு சொல்லாத ஆயிலைக் கலப்பதுதான் தவறு. ஆயிலைத் தொடுவதற்கு முன் வைக்கோல் தூசி அடைத்த கூலரை ஊதிவிட்டாலே சில வண்டிகள் தேறிவிடும்.

பெரிய தவறு பம்பை மாற்றும்போது நடக்கிறது. பழைய பம்பு சிதறவிட்ட உலோகத் தூள் ஓஸிலும் கூலரிலும் மோட்டாரிலும் தங்கியிருக்கும். பம்பும் மோட்டாரும் ஒரே மூடிய சுற்றில் இருப்பதால் அது திரும்பவும் பம்புக்கே வரும். சுற்று முழுவதையும் கழுவாமல், ஃபில்டர் மாற்றாமல், புதுப் பம்பைப் பொருத்திவிட்டு, அது அல்பாயுசில் போனதும் "டூப்ளிகேட் சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். மாற்றிய உடனே முழு வேகத்தில் ஓட்டுவதும் அப்படித்தான். உள்ளே சிக்கிய காற்று வெளியேற, குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்த வேண்டும்.

நின்றுபோன வண்டியை இன்னொரு டிராக்டரால் இழுக்கும் பழக்கம் வேறு. எச்.எஸ்.டி.யோடு சேர்ந்த துணைக் கியரை நியூட்ரலில் போடாமல், அல்லது பைபாஸ் வால்வு உள்ள வண்டியில் அதைத் திறக்காமல் இழுத்தால், ஆயில் ஓட்டமில்லாத மோட்டார் சுற்றித் தேயும்.

பட்டறைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. ஒரு சீல் கசிந்தாலும் முழு செட்டையும் கம்பெனி மாற்றச் சொல்வதும் உண்டு. புல்வெட்டு டிராக்டர்களில் சில எச்.எஸ்.டி.களுக்கு ஆயில் வடிக்கும் திருகுகூடக் கிடையாது. தேயட்டும், தூக்கிப் போடட்டும் என்பதே அந்த வடிவமைப்பின் கருத்து. பிரித்துப் பார்க்கும் நம் பட்டறைப் புத்தி அதைவிட மேலானது. அதற்குக் குறைவது சுத்தமான மேசையும், அழுத்தம் பார்க்கும் கேஜும்தான்.

வேளாண்மைப் பொறியியல் துறை மாவட்டந்தோறும் இயந்திரப் பராமரிப்பு முகாம் நடத்துகிறது. அடுத்த முறை பெரம்பலூரில் நடக்கும்போது, தேய்ந்த எச்.எஸ்.டி. ஒன்றை மேசைமேல் பிரித்து வைத்து, விவசாயிகளோடு பட்டறை மெக்கானிக்குகளையும் அழையுங்கள்.