தண்ணீரா, களிமண்ணா?

தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் போர் போட நினைக்கும் விவசாயி, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் கூப்பிடுகிறார், மீட்டர் வைத்துப் பார்ப்பவரையும் கூப்பிடுகிறார். இருவரிடமும் ஒரே கேள்விதான்: "எத்தனை அடியில தண்ணி?" மீட்டர் வைத்துச் செய்யும் மின்தடை ஆய்வின் மீது விழும் பழியில் பாதி இந்தக் கேள்வியால் வந்தது.

மீட்டருக்குத் தண்ணீர் தெரியாது. ஒரே கோட்டில் நான்கு கம்பிகளை நிலத்தில் அடிக்கிறோம். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே நிலத்துக்குள் மின்சாரம் பாய்கிறது. உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு அளக்கப்படுகிறது. வெளிக்கம்பிகளை விலக்க விலக்க ஆழத்திலிருந்து சேதி வரும். நிலத்துக்குள் மின்சாரம் பாய்ச்சி அளப்பதை பிரான்சின் கொன்ராட் ஷ்லம்பெர்ஜே 1912இல் சோதித்துப் பார்த்தார்; அடிப்படை இன்றும் அதுவே.

மலையடிவாரத்துக்கு இம்முறை நன்றாகவே பொருந்தும். இங்கே அடியில் கிடப்பது சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும். உடையாத பாறையின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர்; நீர் ஊறிய மக்கிய பாறைக்கு ஓரிரு நூறு, சில இடங்களில் அதற்கும் குறைவு. ஆகவே மக்கிய பாறை எங்கே முடிகிறது என்பது வரைபடத்தில் தெளிவாக விழும். சிற்றாற்றுப் படுகையில் திறந்த கிணற்றை எவ்வளவு தோண்டலாம், மழைநீரை எங்கே இறக்கலாம் என்பதற்கு இது மலிவான வழி.

ஆனால் மக்கள் கேட்பது 600 அடி போர். அந்த ஆழத்தில் விரலளவு வெடிப்பில் ஓடும் நீர், மேலே நின்று அளப்பவருக்குச் சிக்குவது அரிது. அவ்வளவு ஆழம் பார்க்க அரை கிலோமீட்டருக்குக் குறையாத நேர்கோடு வேண்டும். தென்னந்தோப்பின் கம்பிவேலியும் மின்கம்பமும் அதற்கு விடுவதில்லை. களிமண்ணும் தண்ணீரைப் போலவே குறைந்த மின்தடை காட்டும். இத்தனைக்கும் பிறகு சீட்டில் எழுதித் தருவது ஒரே ஓர் அடிக்கணக்கு. அதற்குக் காசு வாங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மலைச்சரிவில் கதை வேறு. ஆரியங்காவுக் கணவாய்ச் சாலையோரம் பாறை மேல் மண் எவ்வளவு கனமாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நீர் தேங்குகிறதா என்று கண்டுபிடிக்க மின்தடைப் படம் உதவும். அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது சொல்லாது. மண் மாதிரி எடுத்துச் சோதித்துத்தான் ஆக வேண்டும். ஏப்ரலில் அளந்த சரிவு சாரல் காலத்தில் அதே சரிவு அல்ல. ஒரே கோட்டில் ஜூனிலும் நவம்பரிலும் மறுபடி அளந்தால்தான் பயன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனைக் கொண்டுபோன திடீர் வெள்ளத்தையோ எந்தக் கம்பியும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அதற்கு வேண்டியது காட்டுக்குள் மழைமானியும் அருவிக்கரையில் எச்சரிக்கைச் சங்கும்.

இருப்பதிலேயே பெரிய குறை கருவியில் இல்லை. போர் வண்டி ஓடும்போது வெளியே வரும் பாறைத்தூளின் நிறம் எந்த அடியில் மாறியது, ஈரம் எங்கே தட்டியது என்பதெல்லாம் வண்டிக்காரருக்குத் தெரியும். களிமண்ணா தண்ணீரா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் சான்று அதுதான். ஆய்வாளர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அந்தத் தூள் வரப்போரம் கொட்டிக் கிடக்கும்.