வடிவேலுவின் முகம், எங்கள் குரல்

2019 மே மாதக் கடைசியில் ஒரு சுத்தியல் உலகம் சுற்றியது. பொறியியலாளர்களுக்கான பேஸ்புக் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது தலையில் விழுந்துதான் நேசமணி காயப்பட்டார் என்ற கதையையும் சேர்த்து எழுதினார். அவர் இப்போது நலமா என்று இன்னொருவர் விசாரித்தார். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வரி டுவிட்டரில் இந்தியா முழுக்கப் பரவி, வெளிநாட்டுச் செய்தியாளர்களையும் யார் இந்த நேசமணி என்று தேடவைத்தது.

2001இல் சித்திக் இயக்கத்தில் வந்த ‘பிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற கான்ட்ராக்டர் வேடம்தான் நேசமணி. படம் வந்து பதினெட்டு வருடம் கழித்தும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இலங்கையில் ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஆறு கிழமைகூட ஆகாத நேரம் அது. வீதியெல்லாம் சோதனைச் சாவடி, பள்ளிக்கூடப் பைகளிலும் சோதனை. அந்த நாட்களில் இங்கே இருந்தவர்கள் மனம் விட்டுச் சிரித்த முதல் விஷயம் அதுவாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அன்றாடம் நமக்கு நேரும் சின்னச் சின்ன அவமானங்களை நண்பர்களுக்குச் சினிமா வழியாகச் சொல்வது தமிழ்நாடு, இலங்கை என்ற இரண்டு கரைக்கும் பொதுவான பழக்கம். ஆனால் சொல்லும் விதம் வேறு. தமிழ்நாட்டு நண்பர்கள் முகத்தை அனுப்புகிறார்கள். நாங்கள் குரலை அனுப்புகிறோம்.

திருச்சியில் இருக்கும் நண்பர் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறார். ‘வின்னர்’ படத்தில் வடிவேலு ஏற்ற கைப்புள்ள அடிபட்டுக் கிடக்கும் படம் ஒன்று குழுவுக்கு வருகிறது. மேலே ஒரே வரி: “லீவு கேட்டுட்டு வந்தப்ப”. அவ்வளவுதான். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்று எதுவும் இல்லை. தேவையும் இல்லை. கைப்புள்ள எப்படி வீறாப்பாகக் கிளம்புவான், எப்படித் திரும்பி வருவான் என்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சொல்லாத கதையை 2003இல் வந்த அந்தப் படம் சொல்லிவிடுகிறது. கைப்புள்ள தலைமை தாங்கிய வருத்தப்படாத வாலிபர் சங்கம் பத்து வருடம் கழித்து, 2013இல், இன்னொரு படத்துக்குத் தலைப்பாகவே ஆனது.

இந்தப் பழக்கம் கைபேசியோடு பிறந்ததில்லை. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஓடிய ஊர் தமிழ்நாடு. தருமியாக நாகேஷ் புலம்புவதைப் படம் பார்க்காதவர்களும் காதால் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார்கள். படத்தின் ஒலியை வானொலி ஒலிச்சித்திரமாகத் தந்தது. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழக் கணக்கு இன்றைக்கும் பாக்கிச் சில்லறை குறையும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. பிறகு ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்க நகைச்சுவைக் காட்சிகளையே ஓட்டும் தொலைக்காட்சிகள் வந்தன. ஒரே காட்சியை ஆயிரம் தடவை பார்த்த தலைமுறை ஒன்று கையில் கைபேசியோடு வளர்ந்ததும், அந்தக் காட்சிகள் ‘டெம்ப்ளேட்’ ஆயின.

வடிவேலுதான் அதில் பெரும்பங்கு என்பதற்குக் காரணம் உண்டு. கவுண்டமணி பெரும்பாலும் அடிப்பவர், வடிவேலு அடிவாங்குபவர். வாடகைக்கு வீடு தேடி அலைபவருக்கும், நேர்முகத்தில் திணறியவருக்கும், வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவருக்கும் அடிவாங்குபவரின் முகம்தான் வேண்டியிருக்கிறது. மதுரைக்காரர் ஒருவர் தன் உடம்பையே இத்தனை பேரின் தோல்விக்கு இரவல் கொடுத்திருக்கிறார். தமிழ் நடிகர்களில் மக்களுக்கு இவ்வளவு பயன்பட்டவர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே கதை வேறு. எங்கள் பகிடி காதில் வளர்ந்தது. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஒலித்த காலத்தில் அதில் நடித்தவர்களின் பெயரோடு பாத்திரப் பெயர் ஒட்டிக்கொண்டது. மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றுதான் கடைசிவரை ஊர் அவர்களை அழைத்தது. ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் சிங்களவர் பேசும் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ். இந்த நாட்டில் தமிழ் எத்தனை விதமாய் வாயில் புரளுகிறதோ, அத்தனையும் ஒரே அறைக்குள் மோதிக்கொள்வதுதான் சிரிப்பு. அந்தக் குழு 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படத்தையும் தந்தது.

கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ இன்னும் ஒரு படி மேல். மேடையில் ஒரே மனிதர். அவரே பஸ் கொண்டக்டர், அவரே பயணிகள். மிதிபலகையில் தொங்குபவரை உள்ளே தள்ளுவதும், சில்லறைக்குச் சண்டை பிடிப்பதும், மணி அடித்துப் பஸ்ஸை எடுக்கச் சொல்வதும் எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வரும். நெரிசலில் நசிபடுவது என்ற அன்றாட அவதியை ஊர் முழுக்கக் கூடிச் சிரிக்கும் கலையாக அவர் மாற்றினார்.

முகமே இல்லாமலும் இல்லை. சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் கேலிச்சித்திரங்களில் சவாரித் தம்பரும் மைனர் மச்சானும் வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது இங்குள்ள எழுத்துக்கும் சித்திரத்துக்கும் வாசகர் கூடினார்கள். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் தன் வீட்டுப் படலையடியில் படும் பாட்டை அந்தக் கோட்டுச் சித்திரங்களில் பார்க்கலாம்.

பிறகு போர். கலைஞர்கள் கலைந்துபோனார்கள், பாலச்சந்திரன் கனடாவுக்குப் போய் 2014இல் அங்கேயே காலமானார். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். யாராவது ஜெனரேற்றர் பிடித்தால் அயலெல்லாம் கூடி இரவிரவாகப் படம் பார்க்கும். அந்தப் படங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. எங்கள் பகிடிக்காரர் இல்லாத இடத்தில் வடிவேலு வந்து உட்கார்ந்தது அப்படித்தான். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இருட்டில் எங்களைச் சிரிக்கவைத்தவருக்கு நாங்கள் நன்றிதான் சொல்லவேண்டும்.

ஆனாலும் இரவல் முகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. 2022இல் அது தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு. யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் குறித்தார்கள். வவுனியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் விடியற்காலை வரிசையில் நின்று, மத்தியானம் பெற்றோல் செட்டின் வாசலுக்கு வந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டக் கைபேசியை எடுத்தால் சார்ஜ் இல்லை. இரவு முழுக்கக் கரண்ட் இல்லையே, எப்படி இருக்கும்?

அவர் எங்களுக்கு அனுப்பியது படம் இல்லை, குரல் பதிவு. “மச்சான், கேள் கதையை...” என்று தொடங்கி, பின்னால் நின்ற அண்ணையின் புறுபுறுப்பு, பம்ப் அடிக்கும் தம்பியின் அதட்டல், “அச்சடிச்சு லமினேட் பண்ணி வைச்சிருக்க வேணுமெல்லோ தம்பி” என்று புத்தி சொன்ன ரீச்சர் எல்லோரையும் அவரே பேசிக்காட்டினார். ‘அண்ணை றைற்’ ஒலிநாடாவை அவர் கேட்டிருக்கிறாரோ இல்லையோ, அந்த வித்தை அவர் வாயில் இருந்தது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குப் படத்தைவிடக் குரல்தான் வேண்டும். திருச்சி நண்பர் உடனே ஒரு வடிவேலு படம் போட்டார், எல்லோரும் சிரித்தோம். ஆனால் பெற்றோல் வரிசை அந்தப் படத்துக்குள் இல்லை. லமினேட் பண்ணிய அட்டையும், புத்தி சொன்ன ரீச்சரும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் தமிழ்நாட்டு வழி விரைவானது, ஊரெல்லை இல்லாதது. சென்னையில் ஒருவர் விழுந்தால் கோயம்புத்தூரில் ஒருவர் அந்த நொடியே புரிந்துகொள்கிறார். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, விழுந்தவரின் சொந்தக் கதை காணாமல் போவது. இலங்கை வழி மெதுவானது. மூன்று நிமிடம் காதைக் கொடுக்கவேண்டும், பேச்சுவழக்கு தெரிந்திருக்கவேண்டும். ‘தெனாலி’ படத்தில் கமல் பேசியதை மட்டும் ஈழத்தமிழ் என்று நம்பும் தமிழ்நாட்டு நண்பருக்கு முதலில் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு நாட்டின் ஒரு மத்தியானம் அப்படியே இருக்கிறது. இரண்டில் எதை இழக்கக்கூடாது என்று கேட்டால், நான் குரலைத்தான் சொல்வேன். வடிவேலுவைப் பாதுகாக்கப் பெரிய தொலைக்காட்சிகள் இருக்கின்றன. வவுனியா நண்பரின் குரல் பதிவு கைபேசி மாறும்போது அழிந்துவிடும்.

சிரித்திரனின் பல இதழ்களை நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். அவர்களின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமுண்டு. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய நாடக ஒலிநாடா, வானொலியிலிருந்து பதிந்த பகிடி, எண்பதுகளின் சஞ்சிகை எதுவும் இருந்தால் தூசி தட்டி அவர்களிடம் கொடுங்கள். தமிழ்நாட்டு நண்பர்களே, யாழ்ப்பாணத்துக்காரர் அனுப்பும் நீண்ட குரல் பதிவை இரட்டை வேகத்தில் ஓட்டாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.