விவிலியத்தில் வழிபாடும் இறைப்பிரசன்னமும்: பாம்பன் தீவிலிருந்து ஒரு வாசிப்பு

அக்காள்மடம் பாம்பன் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையில், இராமேசுவரம் சாலையை ஒட்டி அமைந்த கடற்கரை ஊர். இராமேசுவரத்திற்குச் செல்லும் யாத்திரிகர்கள் தங்குவதற்காக எழுந்த மடத்தை இவ்வூரின் பெயர் நினைவூட்டுகிறது. சேதுபதிகள் காலத்தில் வாழ்ந்த அக்காள், தங்கை இருவரின் நினைவாக இரண்டு மடங்கள் கட்டப்பட்டன என்பது வழிவழியாக வரும் கதை. இத்தீவின் கரையோர ஊர்களில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. தங்கச்சிமடம் வேர்க்காட்டிலுள்ள புனித சந்தியாகப்பர் ஆலயமும், கடலுக்கு நடுவே கச்சத்தீவிலுள்ள புனித அந்தோணியார் ஆலயமும், 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் சுவர்களாக மட்டும் நிற்கும் ஆலயமும் இவர்கள் நன்கறிந்தவை. ஒன்று வழிபாட்டில் உள்ளது, ஒன்று எல்லைக்கு அப்பால் உள்ளது, ஒன்று இடிந்துபோனது. கடவுள் குடியிருக்கும் இடத்திற்குப் போக முடியாதபோது, அல்லது அந்த இடமே இல்லாமற்போனபோது, வழிபாடு என்ன ஆகும் என்ற கேள்வி இக்கரையில் வெறும் பாடநூல் கேள்வியாக இருக்க முடியாது.

விவிலியத்தில் இந்தக் கேள்விக்கான விடை வளர்ந்த விதத்தை மறைக்கல்வி வகுப்புகளும் மறையுரைகளும் பெரும்பாலும் ஒரே கோட்டில் சுருக்கிவிடுகின்றன. முதலில் பலிபீடம், பிறகு கூடாரம், பிறகு எருசலேம் கோயில், இறுதியில் மனித உள்ளம் என்பது அந்தச் சுருக்கம். இடம் சார்ந்த வழிபாடு முதிர்ச்சியற்றது, உள்ளத்து வழிபாடே முதிர்ந்தது என்ற தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது. விவிலிய நூல்களை வரிசையாக வாசிப்பவருக்கு இந்தக் கோடு அவ்வளவு நேராகத் தெரியாது.

சுமந்து செல்லப்பட்ட கூடாரம்

தொடக்கநூலில் கடவுளுக்கு வீடு கிடையாது. தோட்டத்தில் உலாவுகிறார். வழியில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கும் யாக்கோபின் கனவில் வருகிறார். யாக்கோபு அந்தக் கல்லை நட்டு எண்ணெய் வார்த்து, இடத்திற்குப் பெத்தேல் எனப் பெயரிட்டுவிட்டுத் தன் வழியே போகிறான்.

விடுதலைப் பயண நூலில்தான் உறைவிடம் பற்றிய பேச்சு விரிவாகத் தொடங்குகிறது. 25 முதல் 31 வரையான அதிகாரங்களில் கூடாரத்திற்கான அளவுகள், திரைகள், கொக்கிகள், விளக்குத்தண்டு ஆகியவை சொல்லப்படுகின்றன. 35 முதல் 40 வரை அவையெல்லாம் செய்து முடிக்கப்படுகின்றன. இந்தத் தச்சு விவரங்களைப் புரட்டிவிட்டுப் போகும் வாசகர்களே அதிகம். ஆனால் இவ்விரு பகுதிகளுக்கும் நடுவில், 32 முதல் 34 வரை, பொற்கன்றின் கதை வைக்கப்பட்டிருக்கிறது. மக்கள் தாங்களே ஒரு கடவுளை வார்த்துக்கொள்கிறார்கள். தாம் இனி அவர்களோடு வரப்போவதில்லை என்கிறார் கடவுள். நீர் வராவிட்டால் நாங்களும் இங்கிருந்து நகரமாட்டோம் என்ற பொருளில் மோசே வழக்காடுகிறார். அதற்குப் பிறகே கூடாரம் தைக்கப்படுகிறது. ஆகவே அக்கூடாரத்தை, ஏறத்தாழ முறிந்துபோன உறவு மீண்டதன் அடையாளமாகவும் கதை காட்டுகிறது. திரைகளின் நீளமும் கொக்கிகளின் எண்ணிக்கையும் இரண்டாம் முறை அலுக்காமல் சொல்லப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.

உடன்படிக்கைப் பேழையின் வளையங்களில் செருகிய தண்டுகளைக் கழற்றவே கூடாது என்கிறது அந்நூல். எப்போதும் தூக்கத் தயாராக இருக்கவேண்டும் என்பது பொருள். பல நூற்றாண்டுகள் கழித்துச் சாலமோன் கல்லும் கேதுரு மரமும் கொண்டு கோயில் கட்டிப் பேழையை உள்ளே வைத்தபோதும், அந்தத் தண்டுகளின் முனைகள் கருவறைக்கு முன்னுள்ள தூயகத்திலிருந்து தெரிந்தன என்று அரசர் முதல் நூலின் 8-ஆம் அதிகாரம் குறித்துவைக்கிறது. பொன் வேய்ந்த கருவறைக்குள்ளும் பயணத்திற்கான தண்டுகள் கழற்றப்படாமல் இருக்கின்றன.

கோயிலும் அதைப் பற்றிய ஐயமும்

கோயில் கட்ட முதலில் விரும்பியவர் தாவீது. நான் உனக்குக் கட்டும் வீடு உண்டு, நீ எனக்குக் கட்டவேண்டியதில்லை என்ற பொருளில் நாத்தான் வழியாகப் பதில் வருகிறது (2 சாமுவேல் 7). எபிரேயத்தில் வீட்டுக்கும் அரச மரபுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே ஒரு சொல் விளையாட்டு நடக்கிறது. தமிழில் ‘குடி’ என்ற சொல் அதற்கு மிக நெருங்கி வரும். குடி என்றால் வீடு, குடி என்றால் வம்சம், தெய்வம் ஓரிடத்தில் ‘குடிகொள்கிறது’. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வாய்ப்பைத் தாவீதின் கதையில் பயன்படுத்திக்கொள்ளாதது வியப்பு.

சாலமோனின் அர்ப்பண மன்றாட்டும் ஐயத்தோடுதான் நடக்கிறது. வானங்களும் கொள்ளாத ஒருவரை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று கட்டியவரே கேட்கிறார். எரேமியா அந்த ஐயத்தைக் கோயில் வாசலில் நின்று கண்டனமாக மாற்றுகிறார் (7-ஆம் அதிகாரம்). அந்நியரையும் அனாதைகளையும் கைம்பெண்களையும் ஒடுக்கிவிட்டு, ஆண்டவரின் கோயில் இங்கே இருக்கிறது, ஆகவே நமக்குத் தீங்கு வராது என்று சொல்லிக்கொள்வோரிடம், முன்பு சீலோவில் இருந்த இடம் என்ன ஆனது என்று போய்ப் பார்க்கச் சொல்கிறார்.

கி.மு. 587-ஐ ஒட்டி எருசலேம் கோயில் பாபிலோனியரால் அழிந்தது. எசேக்கியேலின் நூல் இந்த அழிவை விளக்கும் விதம் தனித்தன்மை கொண்டது. கோயில் இடிவதற்கு முன்பே இறைமாட்சி அதைவிட்டுப் புறப்படுகிறது. உடனே போய்விடவில்லை, வாசற்படியில் நிற்கிறது, கிழக்கு வாயிலில் நிற்கிறது, நகருக்குக் கிழக்கேயுள்ள மலைமேல் நிற்கிறது (10, 11-ஆம் அதிகாரங்கள்). போக மனமில்லாத ஒருவரின் நடை அது. எசேக்கியேல் அதே மாட்சியை ஏற்கெனவே பாபிலோனியாவில், நாடுகடத்தப்பட்டோர் நடுவே, கெபார் ஆற்றோரத்தில் கண்டவர். அந்தக் காட்சியில் சக்கரங்கள் இருந்தன. தண்டுகள் சொன்னதைச் சக்கரங்களும் சொல்கின்றன.

ஆனால் இதனால் இடத்தின் மீதான ஏக்கம் பொய்யாகிவிடுவதில்லை. 137-ஆம் திருப்பாடலில் நாடுகடத்தப்பட்டோர் யாழ்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டுப் பாட மறுக்கிறார்கள். கடவுள் எங்கும் இருக்கிறாரே, இங்கேயே பாடுங்கள் என்று அப்பாடல் அவர்களைக் கண்டிக்கவில்லை. பாடாமல் இருந்ததையும் வழிபாட்டு நூலிலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

பாம்பன் தீவின் வாசகருக்கு இந்தப் பாடல் எட்டத்தில் இல்லை. 1974 ஒப்பந்தத்தின்படி கச்சத்தீவு இலங்கைக்கு உரியதானது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணமின்றிச் சென்றுவரலாம் என்பது அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றது. போர்க்காலத்தில் அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்வது தடைபட்டு, பின்னர் மீண்டும் தொடங்கியது. 2024 பிப்ரவரியில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, இராமேசுவரம் மீனவர்கள் அத்திருவிழாவைப் புறக்கணித்தனர். இந்த நிகழ்வை விழாக்களை வெறுப்பதாகக் கடவுள் சொல்லும் ஆமோசு நூலோடு ஒப்பிடத் தோன்றலாம். ஒப்பீடு முழுதும் பொருந்தாது. ஆமோசு கண்டித்தது ஒடுக்கிக்கொண்டே விழா எடுத்தவர்களை. இங்கே விழாவை நிறுத்தியவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். மரத்தில் மாட்டிய யாழே இதற்கு நெருக்கமானது.

சொற்களில் நேர்ந்த இழப்பு

புதிய ஏற்பாட்டின் விடை கூடாரத்தில் இருந்தே தொடங்குகிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் வாக்கு மனிதரானதைச் சொல்லுமிடத்தில், கிரேக்கத்தில் ‘கூடாரமடித்தார்’ என்ற பொருளுடைய வினையைப் பயன்படுத்துகிறது. திருவெளிப்பாட்டின் 21-ஆம் அதிகாரத்திலும் கடவுள் மக்களோடு வாழ்வதற்கு அதே வேர்ச்சொல்தான். பாலைநிலத்துக் கூடாரம், நாசரேத்தூர் இயேசு, இறுதி நகரம் மூன்றையும் ஒரே சொல் கட்டுகிறது.

தமிழில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதல் முதலாவதை ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்றும், மற்ற இரண்டையும் ‘வாசம்’ என்ற சொல்லைக்கொண்டும் பெயர்த்தது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் ‘சந்திப்புக் கூடாரம்’, ‘குடிகொண்டார்’, ‘உறைவிடம்’ என மூன்று இடத்திலும் மூன்று வேறு சொற்கள். ‘குடிகொண்டார்’ அழகான தமிழ். ஆயினும் குடிகொள்ளுதல் நிலைத்துத் தங்குவது; கூடாரமடித்தல் நாளை எழுந்து உங்களோடு நடக்கக்கூடியது. பழைய திருப்புதல் ஓரிடத்தில் நன்றாகவே செய்திருக்கிறது. எபிரேயத்தில் ‘முகம்’ என்ற சொல்லே திருமுன்னிலையைக் குறிக்கும். அதற்கு அது ஆண்ட ‘சமுகம்’ என்ற சொல்லில் முகம் இன்னும் தெரிகிறது. இன்று எங்கும் வழங்கும் ‘பிரசன்னம்’ என்ற சொல்லில் அது இல்லை.

‘உள்ளமே கோயில்’ என்ற முடிவு பவுலிடமிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் ‘நீங்கள்’ என்று அவர் அழைப்பது பன்மை, கோயில் ஒருமை. சண்டையிட்டுப் பிரிந்து நின்ற ஒரு சபை முழுவதையும் சேர்த்து ஒரே கோயில் என்கிறார். 6-ஆம் அதிகாரத்தில் உடல் கோயிலாவது உண்மைதான், அங்கேயும் பேச்சு உடலைப் பற்றியது. திருமூலரையும் சிவவாக்கியரையும் அறிந்த தமிழ் வாசகர் பவுலை அவர்கள் பக்கத்தில் வைத்து எளிதில் புரிந்துகொள்கிறார். அந்த எளிமையில், கொரிந்தின் சண்டை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

சமாரியப் பெண்ணோடு இயேசு பேசும் யோவான் 4-ஆம் அதிகாரமே இடத்தைக் கடக்கும் மிகத் தெளிவான பகுதி. கெரிசிம் மலையா எருசலேமா என்ற பழைய வழக்கு அங்கே தள்ளிவைக்கப்படுகிறது. ஆயினும் திருத்தூதர் பணிகள் நூலில் முதல் சீடர்கள் நாள்தோறும் கோயிலுக்குப் போகிறார்கள், வீடுகளில் அப்பம் பிட்கிறார்கள். கி.பி. 70-இல் உரோமையர் கோயிலை அழிக்கும்வரை இரண்டும் அடுத்தடுத்து நடந்தன.

கடல் இல்லாத நகரம்

திருவெளிப்பாட்டின் இறுதி நகரில் கோயில் இல்லை. அதற்குச் சற்று முன்பே இன்னொன்றும் இல்லை என்று சொல்லப்படுகிறது: கடல். கடலை நம்பி வாழும் ஊரில் இது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல. அந்நூலில் கடல் கொடிய விலங்கு எழும் இடம், உரோமைப் பேரரசின் வணிகம் மனிதரையும் சரக்காக ஏற்றிச்சென்ற வழி, எழுதியவரைப் பத்மு தீவில் பிரித்துவைத்த நீர். கடல் மறைவதென்றால் இவை மறைவது என்று விளக்குவது பொருத்தமே. தனுஷ்கோடியை விழுங்கிய அலையையும், பிடிபட்ட படகுகளையும் கண்டவர்களுக்கு அந்த விளக்கம் புரியாததும் அல்ல. ஆனாலும் மீன்பாடு இருந்த கடலும் அதுதான்.

இங்கே திருவெளிப்பாட்டை அதன் மூலத்தோடு ஒப்பிடவேண்டும். எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில் புதிய கோயிலின் வாயிற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி, ஆறாகிச் சாக்கடலில் கலக்கிறது. உயிரற்ற அந்நீர் நலம் பெறுகிறது. ஏன்கேதி முதல் ஏன்எக்லயிம் வரை மீனவர்கள் கரையில் நின்று வலை விரிக்கிறார்கள். பெருங்கடலில் உள்ளதுபோல் பல வகை மீன்கள் கிடைக்கின்றன. கடவுள் குடியிருப்பதன் விளைவு இங்கே வலை காயும் கரையாகத் தெரிகிறது. திருவெளிப்பாட்டின் 22-ஆம் அதிகாரம் இந்த ஆற்றை எடுத்துக்கொள்கிறது, கரையோர மரங்களையும் நலம் தரும் இலைகளையும் எடுத்துக்கொள்கிறது, மீனவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. கடல் இல்லாத நகரில் அவர்களுக்கு வேலை இல்லை.

உரையாசிரியர்கள் அதிகம் நின்று பேசாத இழப்பு இது. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் அதை ஓரளவு ஈடுசெய்கிறது என்று கொள்ளலாம். உயிர்த்த இயேசு அங்கே கோயிலிலும் இல்லை, தொழுகைக்கூடத்திலும் இல்லை. விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் திரும்பியவர்கள் வலையை வலப்பக்கம் வீசி இழுத்ததில் 153 பெரிய மீன்கள். நீங்கள் பிடித்ததிலும் சில கொண்டுவாருங்கள் என்கிறார். எல்லாவற்றையும் அவரே தரவில்லை. அவர்களுடைய பாட்டிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்.

எசேக்கியேலின் காட்சியில் இன்னொரு சிறு விவரம் உண்டு. கோயிலிலிருந்து வரும் ஆறு கடலையே நன்னீராக்கினாலும், கரையோரச் சேற்று நிலங்களையும் சதுப்புகளையும் அது மாற்றுவதில்லை. அவை உப்புக்காக விடப்படுகின்றன. வாலிநோக்கத்தில் உப்பளங்களும், கரையெங்கும் கருவாட்டுக் களங்களும் உள்ள இராமநாதபுரத்தில் இந்த வசனத்திற்கு உரை எழுதத் தேவையில்லை.