தளி ரோஜாவும் தனி நாணயமும்

காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் ஓசூரை அடுத்த தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வெட்டும் சிவப்பு ரோஜா, பெங்களூரு விமான நிலையம் வழியாக வெளிநாடு போகிறது. வருமானம் டாலரிலோ யூரோவிலோ. கூலியும் வங்கித் தவணையும் ரூபாயில். நாட்டுக்கெனத் தனி நாணயம் எதற்கு என்று கேட்டால் பொருளாதாரப் பாடம் காட்டுவது இந்த மாதிரித் தொழிலைத்தான். ஏற்றுமதி தளர்ந்தால் நாணய மதிப்பு இறங்கும், நம் சரக்கு வெளியே மலிவாகும், யாருடைய கூலியிலும் கைவைக்காமல் தொழில் தப்பிக்கும்.

இந்த வசதி இல்லாத கிரீஸ் 2010க்குப் பின் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தோம். யூரோவை இறக்க ஏதென்ஸால் முடியாது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். ஸ்வீடன் 2003 வாக்கெடுப்பிலேயே யூரோ வேண்டாம் என்றுவிட்டது. பிரிட்டனும் பவுண்டை விடவில்லை. குளிருக்கு மயங்கித் தளியை ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்த வெள்ளைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள்தான்.

ஆனால் நாணயத்தைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதுமா? 2023ஐ எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் பூச்சந்தையில் நமக்குப் பெரும் போட்டி கென்யா. அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 123 ஆக இருந்த கென்ய ஷில்லிங், முடிவில் 156ஐத் தாண்டியது. நம் ரூபாயோ ரிசர்வ் வங்கியின் தலையீட்டில் 82, 83 என்று அசையாமல் நின்றது; கென்யப் பூவுக்குக் கிடைத்த அனுகூலம் நம் பூவுக்குக் கிடைக்கவில்லை. இதை ‘நிலைப்படுத்தப்பட்ட ஏற்பாடு’ என்று சர்வதேச நாணய நிதியம் வகைப்படுத்தியபோது ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. வங்கியின் பக்கமும் நியாயம் உண்டு. கச்சா எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் ரூபாய் இறங்கினால் டீசலும் லாரி வாடகையும் ஏறும். பொட்டாஷ் உரமும் வெளியிலிருந்து வருவதுதான். கூலியில் கைவைக்கவில்லை என்பது கணக்கில் மட்டுமே சரி. அதே கூலிக்கு வாங்கும் சாமான் குறைந்துபோகும். கிரீஸில் வெட்டு சட்டம் போட்டு வந்தது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இங்கே கடைவிலையில் வருகிறது, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்காகப் பிடித்தே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. டாலர் விலையை 200 ரூபாயை ஒட்டிக் கட்டிவைக்கக் கையிருப்பைக் கரைத்தார்கள். 2022 மார்ச்சில் விட்டபோது இரண்டே மாதங்களில் 360ஐ எட்டியது. செப்டம்பரில் பணவீக்கம் எழுபது விழுக்காட்டைத் தொட்டது. அப்போது டாலருக்கே மாறிவிடலாம் என்றும் சிலர் யோசனை சொன்னார்கள். அது தப்பான மருந்து. கெடுத்தது சொந்த நாணயம் அல்ல, அதைக் கட்டிப்போட்டது. நம் கையிருப்பு பெரிது, அந்த நிலை இங்கில்லை. ஆனாலும் அசையாமல் வைத்து, பிறகு வேகமாக இறங்கவிடும் பழக்கம் நல்லதல்ல. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது.

இன்னொன்று: ரூபாயே ஒரு பெரிய நாணயக் கூட்டுத்தான். தளியிலிருந்து சற்றுத் தூரம் போனால் கர்நாடகம். அங்கேயும் இதே நோட்டு, இதே வட்டி விகிதம். மலையோரப் பூத்தோட்டத்துக்கும் மும்பைக்கும் ஒரே மதிப்பு பொருந்துமா என்றால் பொருந்தாதுதான். வேலை தேடி பீகாரிலிருந்து ஓசூருக்கு வரமுடிவதும், நிதிக்குழு வழியாக மாநிலங்களுக்குப் பணம் பிரிவதும் அந்தப் பொருத்தமின்மையைத் தாங்கிப்பிடிக்கின்றன.

ரூபாயை வைத்துக்கொள்ளலாம், சிறுகச் சிறுக அசையவும் விடலாம் என்பது என் கட்சி. ஆனால் அசைவின் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. ஓசூரின் பெரிய ஆலைகள் மாற்று விகிதத்தை வங்கியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு உறுதி செய்துகொள்ளும். அதற்கென்று ஆட்களே உண்டு. ஓரிரு ஏக்கரில் குடில் போட்டவர் ஏற்றுமதி முகவர் சொல்லும் விலைக்கே பூவைக் கொடுக்கிறார். அசைவின் ஆபத்திலிருந்து அவரும் தப்ப, பயிர்க்கடன் தரும் வங்கிக் கிளையிலேயே அந்த ஒப்பந்தமும் சிறு தொகைக்குக் கிடைத்தாக வேண்டும்.