பட்டியலும் கவிதையும்: மயன் வழியே க.நா.சு.

க.நா.சுப்ரமண்யத்தை (1912–1988) ஆராய்வோர் அவரை இரண்டாகப் பிரித்தே காண்பது வழக்கம். திறனாய்வாளர் க.நா.சு. ஓர் இயலிலும், ‘மயன்’ என்னும் புனைபெயரில் கவிதை எழுதியவர் வேறோர் இயலிலும் இடம்பெறுகின்றனர். இப்பிரிப்பினால், அவர்மீது சுமத்தப்படும் முதன்மைக் குற்றச்சாட்டு முழுமையாக ஆராயப்படுவதில்லை.

நல்ல நூல்களின் பட்டியலைத் தந்தார். காரணங்களைத் தரவில்லை என்பதே அக்குற்றச்சாட்டு. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா பனுவலை நுணுகி அலசும் முறையை வளர்த்தார், க.நா.சு.வோ ரசனையையே அளவுகோலாகக் கொண்டார். க.கைலாசபதி மார்க்சிய நிலையில் நின்று இப்போக்கைக் கடுமையாக மறுத்தார்.

மயன் கவிதைகளை இவ்விடத்தில் உடன்வைத்து வாசித்தல் வேண்டும். அவை யாப்பை மட்டுமன்றி, அணியையும் உணர்ச்சிப் பெருக்கையும் கூடியவரை தவிர்க்கின்றன. ந.பிச்சமூர்த்தியின் இசையோட்டம் அவற்றில் இல்லை. பேச்சின் ஓசையில் ஒரு கருத்து முன்வைக்கப்படுகிறது, நிறுவப்படுவதில்லை. பல கவிதைகளில் இது வெறும் வறட்சியாகவே முடிகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் கவிதையும் பட்டியலும் ஒரே மனப்பாங்கின் விளைவுகள் என்பது தெளிவு: வாசகனை இணங்கவைக்க அவர் முயலவில்லை, படிக்கும் பொறுப்பை அவனிடமே விட்டார்.

‘படித்திருக்கிறீர்களா?’ என்று அவர் தம் நூலுக்குத் தலைப்பிட்டதும் இத்தகையதே. அது தீர்ப்பன்று, வினா. நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ் ஆகியோரைத் தமிழாக்கியதையும் இவ்வினாவின் நீட்சி எனலாம். வார இதழ்களின் வாசகர் எண்ணிக்கையே இலக்கியத் தகுதியெனக் கொள்ளப்பட்ட காலத்தில் மௌனியின் பெயரைத் திரும்பத்திரும்பச் சொல்வதே ஒரு திறனாய்வுச் செயல்தான்.

ஆனால் காரணம் கூறாத பட்டியலுக்கு ஓர் இடர் உண்டு. படிக்காமலே அதை மனப்பாடம் செய்துவிடலாம். இன்று பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் அப்பெயர்வரிசை பெரும்பாலும் விடையாகவே வருகிறது. அவரது ‘பொய்த்தேவு’ம் (1946) அவ்வரிசையில் ஒரு பெயராகிவிட்டது. ‘சூறாவளி’ முதல் ‘இலக்கிய வட்டம்’ வரை அவர் நடத்திய இதழ்களை ஒப்பிட்டு, எப்பெயர் எப்போது நுழைந்தது, எது விடுபட்டது என்று காண்பது இனிச் செய்யவேண்டிய பணியாகும்.