வழி கேட்டவரும் வழி சொன்னவரும்: சிறுவர்க்குக் கடல்வழி வரலாறு கற்பித்தல் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கடல்வழி தேடிச் சென்றோரின் வரலாறு, சிறுவர்க்குச் சொல்லப்படும் கதைகளுள் மிகவும் பழகிப்போன ஒன்றாகும். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மகெல்லன் ஆகிய மூவரும் ஆண்டுகளோடு மாணவர் நினைவில் நிலைபெற்றுவிடுகின்றனர். புயல், பசி, கலகம், இறுதியில் கரை என்னும் கதைவரிசையும் பெரும்பாலும் மாறுவதில்லை. பொது அறிவு நூல்கள், வாசிப்புப் பயிற்சிப் பனுவல்கள், பேச்சுப்போட்டி உரைகள் எனப் பலவற்றிலும் இவ்வமைப்பையே காண்கிறோம். இவ்வமைப்பு எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வாஸ்கோ ட காமாவின் முதற் பயணத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு மாணவியின் வினா. பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கற்பித்தலை மதிப்பிடுவதற்காகத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருந்தேன். 'வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார்' என்னும் தொடர் பலகையில் எழுதப்பட்டிருந்தது. அரபு வணிகர் மிளகைக் கப்பலில் கொண்டுசென்று விற்றதை ஆசிரியர் அதற்கு முன்பே நன்கு விளக்கியிருந்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அவங்கதான் ஏற்கெனவே போய்க்கிட்டு இருந்தாங்களே, அவங்கக்கிட்டயே வழி கேட்டிருக்கலாமே?" என்றாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் பாடத்தைத் தொடர்ந்தார். நானும் மதிப்பீட்டுத் தாளில் 'வகுப்புக் கட்டுப்பாடு நன்று' என்று எழுதிவிட்டு வந்தேன். அம்மாணவி சொன்னதே உண்மையில் நிகழ்ந்தது என்பதை அவளிடம் சொல்லத் தவறியது என் குறை. இக்கட்டுரை ஓரளவு அக்குறைக்கான ஈடு எனலாம்.

'கண்டுபிடித்தார்' என்னும் சொல்

முதற்கண் சொல்லை நோக்குவோம். தமிழில் 'கண்டுபிடித்தல்' என்னும் வினை மூன்று பொருள்களைச் சுமக்கிறது. தொலைந்த பென்சிலைக் கண்டுபிடிக்கிறோம். இதுவரை இல்லாத பொறி ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம். இருந்தும் அறியப்படாத ஒன்றையும் கண்டுபிடிக்கிறோம். பத்து வயது மாணவர்க்கு இம்மூன்றும் ஒன்றே. 'மின்விளக்கைக் கண்டுபிடித்தார்', 'கடல்வழியைக் கண்டுபிடித்தார்' என்னும் இரு தொடர்களும் ஒரே பயிற்சித்தாளில் அடுத்தடுத்து நிற்கும்போது, விளக்கைப் போலவே வழியும் அம்மனிதருக்கு முன் இல்லை என்ற எண்ணமே மாணவர் மனத்தில் பதிகிறது. எழுவாயாக ஒரே பெயர் நிற்பதால், செயலைச் செய்தவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்.

போர்த்துக்கீசியரின் உண்மையான சாதனையை மறுப்பது நம் நோக்கமன்று. 1488இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1497 சூலை 8ஆம் நாள் நான்கு கப்பல்களோடு லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட வாஸ்கோ ட காமா, அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றோட்டத்தைப் பயன்படுத்த மேற்கே வெகுதூரம் வளைந்து சென்று, ஏறத்தாழ மூன்று மாதம் கரையையே காணாமல் பயணம் செய்தார். அது துணிவும் திறனும் மிக்க கடலோட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயின், 'இந்தியாவுக்கு வழி' எனக் குறிப்பிடப்படும் பயணத்தின் இறுதிக் கட்டம் அவ்வகையைச் சார்ந்ததன்று.

மாலிந்தியில் ஏறியவர்

1498 ஏப்ரல் நடுப்பகுதியில் அக்கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தித் துறைமுகத்தை அடைந்தன. அங்கே வழிகாட்டி ஒருவரைத் தருமாறு மாலிந்தி அரசரிடம் வாஸ்கோ ட காமா வேண்டினார். அவ்வாறு பெற்ற மாலுமியோடு ஏப்ரல் 24ஆம் நாள் புறப்பட்டு, மே 20ஆம் நாள் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம் பாய்ச்சினார். லிஸ்பனிலிருந்து மாலிந்திக்கு வர ஒன்பது மாதத்திற்கு மேலாயிற்று. மாலிந்தியிலிருந்து மலபாருக்கு 26 நாள் போதுமாயிற்று.

அம்மாலுமியின் பெயர் என்ன? 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றனர்; 'மலேமோ கானா', 'மலேமோ கனகா' என அழைக்கின்றனர். இவை இயற்பெயர்கள் அல்ல என்பது ஆய்வாளர் கருத்து. 'மலேமோ' என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. 'கனகா' என்பது கணித்தறிபவரைக் குறிக்கும் 'கணக' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. ஆக, நமக்குக் கிடைப்பவை இரண்டு பட்டங்களே.

'முஅல்லிம்' என்பதன் நேர்ப்பொருள் ஆசிரியர் என்பதாகும். கடல்வழி அறிந்தவரை அரபுக் கடலோடிகள் ஆசிரியர் என்றே அழைத்தனர். தமிழில் இன்று நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல்லும், மலாயில் கப்பல் வழிகாட்டியைக் குறித்த 'மாலிம்' என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தவை. தமிழ் ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு சொல்லுக்குள் நம் தொழிலின் பெயரே ஒளிந்திருப்பது வகுப்பில் எடுத்துரைக்கத்தக்க செய்தியன்றோ?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. சில சிறுவர் நூல்கள் இம்மாலுமியைப் புகழ்பெற்ற அரபுக் கடலறிஞர் இப்னு மாஜித் என உறுதிபடக் கூறுகின்றன. 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-நஹ்ரவாலி, போதையிலிருந்த இப்னு மாஜித் போர்த்துக்கீசியருக்கு வழி சொல்லிவிட்டார் எனப் பழிகூறும் தொனியில் எழுதியதே இதற்கு அடிப்படை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் பெரான் இதனைப் பரப்பினார். பிற்கால ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. பெயரற்ற ஒருவருக்குப் பெயர் பெற்ற ஒருவரைப் பொருத்திவிட்டால் கதை நிறைவுபெறுகிறது, வரலாறு நிறைவுபெறுவதில்லை.

காற்றும் விண்மீனும்

மாலுமியைப் பாடத்திலிருந்து நீக்குவதால் அவருக்கு இழைக்கப்படும் அநீதி ஒருபுறமிருக்க, அறிவியலும் உடன் நீங்கிவிடுகிறது என்பதே கற்பித்தல் நோக்கில் பெரிய இழப்பாகும்.

திரும்பும் பயணத்தை நோக்குவோம். கோழிக்கோட்டு ஆட்சியாளரோடு உறவு கசந்த நிலையில், 1498 ஆகஸ்டு இறுதியில் வாஸ்கோ ட காமா அத்துறைமுகத்தை விட்டு நீங்கினார். வடகிழக்குப் பருவக்காற்று நிலைபெறும்வரை காத்திராமல், அக்டோபர் 5ஆம் நாள் அஞ்சதீவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டார். காற்றின்மையிலும் எதிர்காற்றிலும் கப்பல்கள் சிக்கின. ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 சனவரி 2ஆம் நாள். 26 நாளில் கடந்த கடலை மீண்டும் கடக்க 89 நாள் ஆயிற்று. ஈறு வீங்கிப் பல்லை மூடும் ஸ்கர்வி நோயால் அக்கடப்பில் மட்டும் முப்பது பேர் இறந்தனர் என்றும், கப்பல் ஒன்றுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தனர் என்றும் அப்பயணத்தின் நாட்குறிப்பு கூறுகிறது. ஆளில்லாமையால் 'சாவோ ரஃபேல்' என்னும் கப்பலை அவர்களே எரித்துவிட்டனர்.

கடல் ஒன்றே, கப்பலும் தலைவரும் அவையே. மாறியது காற்றின் பருவம். 26, 89 என்னும் இரண்டு எண்களைப் பலகையில் எழுதி, 'ஏன்?' என்று கேட்டால் போதும், பருவக்காற்றுப் பாடம் தொடங்கிவிடும். நம் மாணவர்க்கு மலாயில் 'மூசிம்' என்னும் சொல் நன்கு தெரியும். அதற்கு மூலமான அரபுச் சொல்லே போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்தின் 'மான்சூன்' ஆயிற்று என்பதையும் அவர்கள் விரும்பிக் கேட்பர்.

விண்மீனுக்கும் இதே பயணத்தில் இடமுண்டு. மாலிந்தி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது. அங்கிருந்து புறப்பட்ட சில நாளில், நெடுங்காலமாகக் காணாதிருந்த வடதுருவ விண்மீனை மீண்டும் கண்டதாக அந்நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அவ்விண்மீனின் உயரத்தை அளக்க இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கையாண்டனர். அளவையின் பெயர் 'விரல்' என்னும் பொருளுடையது. வாஸ்கோ ட காமா காட்டிய உயரமானிக் கருவியைக் கண்டு அக்குஜராத்தி மாலுமி வியக்கவில்லை என்றும், இந்தியக் கரையின் வரைபடத்தை அவர் எடுத்துக் காட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதுகிறார். வியந்தவர் யார் என்பதைச் சிறுவரே ஊகித்துக்கொள்வர்.

மலாக்காவின் கடல்

இஃது இந்தியக் கரையோடு முடிவதன்று. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க், மறு ஆண்டு தம் மன்னருக்கு எழுதிய மடலில் ஜாவானிய மாலுமி ஒருவரின் பெரிய வரைபடத்தைப் பாராட்டுகிறார். கிராம்புத் தீவுகளும், சீனர் செல்லும் வழிகளும், பிரேசில் நிலமும்கூட அதில் இடம்பெற்றிருந்தனவாம். ஊர்ப்பெயர்கள் ஜாவானிய எழுத்தில் இருந்தனவாம். அது 'ஃப்ளோர் த லா மார்' கப்பலோடு சுமத்ராவை அடுத்த கடலில் மூழ்கியது. அதன் ஒரு பகுதியைப் படியெடுத்த போர்த்துக்கீசியரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வரைந்தவரின் பெயர் இல்லை. மலாக்கா நீரிணையின் கரையில் பயிலும் மாணவர், தம் கடல் யாரோ வந்து காணும்வரை வெறுமையாகக் கிடந்தது என்று எண்ணி வளர்வது வருந்தத்தக்கது.

மாற்றுத் தலைவர் என்னும் எளிய வழி

இக்குறையை உணர்ந்த ஆசிரியர் சிலர் வேறொரு வழியை மேற்கொள்கின்றனர். வாஸ்கோ ட காமாவின் இடத்தில் இராசேந்திர சோழனை நிறுத்துவது அது. 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு, கெடா மாநிலத்தைத் தன்னகத்தே கொண்ட நம் நாட்டு மாணவர்க்கு நெருக்கமான செய்தியே. காற்றை ஆண்டு கலம் செலுத்தியவரின் வழித்தோன்றலாகக் கரிகாலனைப் போற்றும் புறநானூற்றின் 66ஆம் பாட்டும் பயன்கொள்ளத்தக்கதே. எனினும், கதையின் அச்சு மாறாமல் அதில் வார்க்கும் உருவை மட்டும் மாற்றினால், மீண்டும் ஒரே எழுவாயும் பெயரற்ற மாலுமிகளுமே எஞ்சுவர். சோழர் கப்பலைச் செலுத்தியவருக்குக் காற்றின் பருவம் எவ்வாறு தெரிந்தது என்று அம்மாணவி கேட்டால், நம் விடை என்ன?

சுமத்ராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இங்கு நல்ல மாற்றாகும். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் அக்கல்வெட்டு, வந்து சேரும் மரக்கலத்தின் நாயகன் முதலியோர் பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தைக் கூறுகிறது. அதில் வெற்றி முழக்கம் இல்லை. கடலில் வந்துபோன மனிதர் இருக்கின்றனர்.

மலாய் இலக்கியத்திலும் இதற்கு ஒப்பான நிலையைக் காணலாம். மகெல்லனின் அடிமையும் மொழிபெயர்ப்பாளருமான என்ரிக்கேயை ஹாருன் அமினுர்ரஷிட் 'பங்ளிமா அவாங்' என்னும் புதினத்தின் தலைவனாக்கினார். மகெல்லனின் இறுதிமுறி அவரை மலாக்காவினர் என்கிறது. பயணத்தைப் பதிவு செய்த பிகாஃபெட்டா சுமத்ராவினர் என்கிறார். 1521 மே மாதம் செபுத் தீவோடு அவரைப் பற்றிய சான்று முடிகிறது. உலகை முதலில் சுற்றிவந்தவர் அவரே எனப் புதினம் கற்பனை செய்யலாம். ஆசிரியரோ, 'சான்று இவ்விடத்தில் முடிகிறது' என்று சொல்லக் கடமைப்பட்டவர். அத்தொடரைச் சிறுவர் தாங்கமாட்டார் என எண்ணுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

வகுப்பறைக்குச் சில

மேற்கண்டவற்றால் வகுப்பறைக்குப் புதிய நூலோ பெருஞ்செலவோ தேவையில்லை. முதலாவதாக, பலகையில் உள்ள தொடரைத் திருத்தி எழுதுவதையே இலக்கணப் பயிற்சியாக்கலாம். 'வாஸ்கோ ட காமா, மாலிந்தியில் பெற்ற மாலுமியின் துணையோடு, 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார்' என்னும் தொடர் சற்றே நீளமானது, ஆனால் உண்மையானது. இரண்டாவதாக, அட்டையும் நூலும் கொண்டு விண்மீன் அளக்கும் பலகையை மாணவரே செய்யலாம். நம் நாட்டில் வடதுருவ விண்மீன் அடிவானத்தை ஒட்டி நிற்பதால் அதனைக் காண்பது அரிது. பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சியை வெவ்வேறு தொலைவிலிருந்து அளந்து பழகலாம். மூன்றாவதாக, எந்தக் கடலோடியைப் பற்றிப் படித்தாலும், 'இவர் யாரிடம் வழி கேட்டார்?' என்னும் வினாவைப் பயிற்சியின் இறுதியில் சேர்க்கலாம்.

முடிவுரை

கடல்வழி தேடியோரின் வரலாறு சிறுவர்க்கு ஊட்டும் பண்பு துணிவு என்பர். துணிவோடு, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் பண்பையும் அது கற்பிக்க வல்லது. கேட்டபோது 26 நாளில் கரை வந்தது. காற்றின் பருவத்திற்குக் காத்திராதபோது முப்பது உயிர்கள் கடலில் போயின. இதனை மறைக்காமல் சொல்லும் பாடமே, வகுப்பில் எழுந்து வினவும் மாணவரையும் மதிக்கும் பாடமாக அமையும். அன்று அவ்வகுப்பு சிரித்தபோது, 'கேட்டார் அம்மா. கேட்டதால்தான் போய்ச் சேர்ந்தார்' என்று ஒரு தொடர் சொல்லியிருந்தால் போதும். மாலுமி என்ற சொல்லின் வேரில் இருப்பவர் ஆசிரியர். அப்பெயருக்கு நாம் பொருந்துமாறு நடந்துகொள்வதே முறை.